செம்பு ரேடியேட்டரா, அலுமினியமா? எதற்கு எந்த கூலண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியேட்டர் பட்டறையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் போதும், "வண்டி கொதிக்குது அண்ணே" என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் ரேடியேட்டர் செய்த தப்பு ஒன்றும் இருக்காது. அதற்குள் ஊற்றிய கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவமும் அதோடு கலந்த தண்ணீரும்தான் உள்ளே அரித்திருக்கும். வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் வண்டி ரேடியேட்டர் என்ன உலோகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் தொட்டியைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியாக இருந்து, அதன் ஓரத்தை உலோகப் பட்டை பல் பல்லாக மடங்கிப் பிடித்திருந்தால், நடுவில் ட்யூபும் ஃபின் தகடுகளும் அடுக்கியிருக்கும் கோர் பெரும்பாலும் அலுமினியம். இன்றைய கார்களில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். தொட்டியும் உலோகமாக இருந்து மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், தொட்டி ஓரத்தில் ஒரு நெல்மணி அளவுக்குக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ட்யூபைச் சுரண்டிவிடாதீர்கள், அது காகிதம் போல மெல்லியது. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது.

2014 வரை ஓடிய அம்பாசடர் தயாரிப்பு, பழைய லாரிகள், டிராக்டர்கள், பழைய ஜெனரேட்டர்கள் எல்லாம் செம்பு–பித்தளை வகை. வாய்ப்பேச்சில் "செம்பு ரேடியேட்டர்" என்கிறோமே தவிர, அதில் செம்பாக இருப்பது காற்றுபடும் ஃபின் மட்டும்தான். தண்ணீர் ஓடும் ட்யூபும் தொட்டியும் பித்தளை. இவற்றை ஒட்ட வைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பத்து (சால்டர்). இந்த மூன்றாவது ஆளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கூலண்ட் தப்பாகிப் போனால் முதலில் போவது அந்த ஈயப்பத்துதான்.

எல்லா கூலண்ட்டும் ஒன்றுதானே? உலோகத்துக்கு உலோகம் ஏன் மாற வேண்டும்?

கேனில் இருக்கும் அடிப்படைத் திரவம் அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் ஒன்றேதான்: எத்திலீன் கிளைக்கால். தண்ணீர் உறையாமலும் சீக்கிரம் கொதிக்காமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உலோகத்தைக் காப்பாற்றும் வேலையை அதில் சிறிதளவு கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள் செய்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது அந்த மருந்துதான்.

செம்பையும் பித்தளையையும் காப்பது அசோல் என்ற வகை. அது செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். ஈயப்பத்துக்கு வேறு கவனிப்பு வேண்டும். அலுமினியத்தின் கதை தனி. அதன் மேல் இயற்கையாகவே ஒரு ஆக்சைடு தோல் இருக்கிறது, அந்தத் தோல் இருக்கும் வரை அதற்கு ஆபத்தில்லை. திரவம் ரொம்பப் புளித்து அமிலமானாலும் அந்தத் தோல் கரையும், ரொம்பக் காரமானாலும் கரையும். அதனால் அதற்கு சிலிகேட்டோ, பாஸ்பேட்டோ, கரிம அமிலமோ கொண்டு காவல் போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, வண்டியில் ஒரே உலோகம் இருப்பதில்லை. இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடும் ஹெட் அலுமினியம், ஆயில் கூலரில் செம்பு, தெர்மோஸ்டாட்டில் பித்தளை. மருந்து தீர்ந்துபோன கூலண்ட் செம்பைத் துளித்துளியாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் அலுமினியத்தின் மேல் படிய வைக்கும். படிந்த இடத்தில் ஒரு குட்டி பேட்டரி உருவாகி, அலுமினியத்தை ஊசி குத்தியது போலத் துளைத்துவிடும். "புது ரேடியேட்டர் போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை, ஊசித் துளை விழுந்துடுச்சு" என்று வருகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஐஏடி, ஓஏடி, எச்ஓஏடி என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

ஐஏடி என்பது பழைய முறை. சிலிகேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட் போன்ற உப்புகள் எல்லா உலோகத்தின் மேலும் சட்டை போட்டது போலப் படியும். உடனே வேலை செய்யும், உடனே தீர்ந்தும் போகும். ஆயுள் சுமார் 2 வருடம்.

ஓஏடி என்பது கரிம அமில முறை. எல்லா இடத்திலும் படியாமல், அரிப்பு தொடங்கும் புள்ளியில் மட்டும் போய் உட்காரும். அதனால் 5 வருடம் வரை தாங்கும். 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதை டெக்ஸ்கூல் என்ற பெயரில் ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்தது.

எச்ஓஏடி இரண்டும் கலந்த கலப்பு முறை. கரிம அமிலத்தோடு கொஞ்சம் சிலிகேட்டோ பாஸ்பேட்டோ சேர்ந்திருக்கும்.

பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டருக்கு எதை ஊற்றுவது?

போன வருடம் ஒரு பழைய டிப்பரின் ரேடியேட்டர் வந்தது. மேல் தொட்டியைச் சூடுகாட்டிக் கழற்றினால், ட்யூப் வாய்களில் வெள்ளைப் பொடி பூத்து நிற்கிறது. பழைய சுவரில் உப்புப் பூப்பது போலவே இருந்தது. விரலால் தேய்த்தால் சாம்பலாக உதிர்கிறது. பாதிக்கு மேல் ட்யூப்கள் அதனால் அடைபட்டிருந்தன. அது தண்ணீர்க் கசடு இல்லை, அரித்துப் போன ஈயப்பத்து. வண்டிக்காரர் நல்ல விலை கொடுத்து "லாங் லைஃப்" கூலண்ட்டாகப் பார்த்து வாங்கி, அதையும் நான்கு வருடம் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. கடையில் சொன்னதைக் கேட்டிருக்கிறார். பொடியைத் தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள், அது ஈயம்.

தனி ஓஏடி கூலண்ட்டுகள் அலுமினியத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஈயப்பத்து அதிகம் உள்ள பழைய ரேடியேட்டரில் அவற்றை நான் ஊற்றச் சொல்வதில்லை. இதற்கு ஐஏடி, அல்லது ஈயப்பத்துக்கும் ஏற்றது என்று கேனிலேயே போட்டிருக்கும் எச்ஓஏடி வாங்குங்கள். 2 வருடத்துக்கு ஒரு தடவை மறக்காமல் மாற்றுங்கள். விலையும் குறைவு, வேலையும் சரியாக நடக்கும்.

கேனின் பின்பக்கம் ஐஎஸ் 5759, ஏஎஸ்டிஎம் டி 3306, ஜேஐஎஸ் கே 2234 ஆகிய தர எண்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள். கண்ணாடிக் குடுவைச் சோதனை என்று ஒன்று உண்டு, ஏஎஸ்டிஎம் டி 1384. செம்பு, ஈயப்பத்து, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, வார்ப்பு அலுமினியம் என்று ஆறு துண்டுகளை 88 டிகிரி சூட்டில் 336 மணி நேரம், அதாவது 14 நாள், காற்றுக் குமிழ் விட்டபடியே ஊறப்போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை இழந்தது என்று நிறுப்பார்கள். எந்த எண்ணுமே போடாமல் "ஆன்டி ரஸ்ட்" என்று மட்டும் எழுதியிருக்கும் பச்சைத் தண்ணீரை வாங்க வேண்டாம்.

அலுமினிய ரேடியேட்டருக்கு?

ஓஏடி அல்லது எச்ஓஏடி. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கிளை இருக்கிறது, வண்டிக் கம்பெனி எந்த நாட்டு வழியில் வந்தது என்று பார்த்து எடுக்க வேண்டும். ஜப்பான், கொரிய வழி வண்டிகளுக்கு பாஸ்பேட் சேர்ந்த, சிலிகேட் இல்லாத கூலண்ட். சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. டொயோட்டாவின் பிங்க், ஹோண்டாவின் நீலம் எல்லாம் இந்த வகை. ஐரோப்பிய வண்டிகளுக்கு நேர் எதிர்: பாஸ்பேட் ஆகாது, சிலிகேட் வேண்டும். அங்கே தண்ணீர் கடினம்; கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கல்லாகப் படியும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளின் ஜி12++, ஜி13 ஊதா நிறக் கூலண்ட் சிலிகேட் சேர்ந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஜப்பான் வழி கூலண்ட்டில் நம் ஊர் போர் தண்ணீரைக் கலந்தால், அங்கே ஐரோப்பியர் எதற்குப் பயந்தார்களோ அதுவே இங்கே நடக்கும்.

புது அலுமினிய ரேடியேட்டர் மாட்டுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ட்யூபையும் ஃபின்னையும் உலையில் ஒட்ட ஒரு வெள்ளைப் பொடியைப் பயன்படுத்துகிறார்கள், ஃப்ளோரைடு கலந்தது. அதன் மிச்சம் உள்ளே இருக்கும். அது கூலண்ட் மருந்தோடு சேர்ந்து கொழகொழவென்று ஆகலாம். மாட்டுவதற்கு முன் டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஊற்றி, ஆட்டி, இரண்டு மூன்று தடவை கொட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நிறம் பார்த்து வாங்கலாமா?

கூடாது. நிறம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் பச்சை ஐஏடியாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் பச்சை ஓஏடியாக இருக்கும். மேனுவலில் போட்டிருக்கும் எண்ணைக் கேனில் தேடுங்கள்.

இரண்டு வகை கலந்துவிட்டது. என்ன ஆகும்?

உடனே வண்டி நின்றுவிடாது. ஒன்றின் மருந்து இன்னொன்றின் மருந்தைக் கெடுத்து ஆயுள் குறையும். சில சேர்க்கைகளில் ஜவ்வரிசிக் கஞ்சி போலத் திரண்டு மெல்லிய ட்யூபுகளை அடைக்கும். வழியில் குறைந்துபோய் கையில் அதே வகை இல்லையென்றால், வேறு கூலண்ட் ஊற்றாமல் டிஎம் வாட்டர் மட்டும் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். அதுவும் கிடைக்காத இடத்தில் குடிக்கிற பாட்டில் தண்ணீர். வந்ததும் மொத்தத்தையும் இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள்.

குழாய்த் தண்ணீர் கலந்தால் என்ன? காலம் காலமாக அப்படித்தானே செய்கிறோம்?

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பழக்கம் இது. சுடுதண்ணீர் வைக்கிற பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். நம் போர் தண்ணீரில் நாலு மாதம் காய்ச்சினால் வெள்ளையாகத் தட்டு படிந்திருக்கும். அதே தட்டு சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. சூடு உலோகத்திலிருந்து தண்ணீருக்கு வர முடியாமல் நடுவில் ஒரு கல்சுவர் கட்டியது போல ஆகிவிடும். ரேடியேட்டரில் கை வைத்தால் மிதமான சூடுதான் இருக்கும், ஆனால் ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

செம்பு ரேடியேட்டர் இதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, பத்து வைத்து மறுபடி மாட்டினோம். அலுமினியத்தில் அந்த வசதி கிடையாது. கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தின் ஆக்சைடு தோலைக் கிழித்துத் துளை போடும். எவ்வளவு உயர்ந்த கூலண்ட் ஊற்றினாலும் இந்தத் தண்ணீர் அதைத் தோற்கடித்துவிடும்.

பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கிற டிஎம் வாட்டர் போதும். 5 லிட்டர் கேன் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். அவசரத்துக்குச் சரி, வழக்கமாக வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் சேர்த்து வைக்கிறார்கள். அதில் உப்பு குறைவுதான். ஆனால் தூசியும் பாசியும் சேர்ந்தே வருகிறது. நான் ஊற்ற மாட்டேன்.

நம் ஊரில் பனியே உறையாது. வெறும் தண்ணீர் போதாதா?

கூலண்ட்டை "ஆன்டி ஃப்ரீஸ்" என்று சொல்லிச் சொல்லியே இந்தக் குழப்பம் வந்தது. வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். சரிபாதி கூலண்ட் கலந்தால் சமவெளியில் 107 டிகிரி வரை தாங்கும், 1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி நன்றாக இருந்தால் 125 டிகிரியையும் தாண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு இரண்டாம் கியரில் ஏறுகிற வண்டிக்கு அந்த இடைவெளிதான் உயிர். அதனால் மூடியின் ரப்பரையும் பாருங்கள். சின்னச் சாமான்தான், அது தளர்ந்தால் கூலண்ட்டின் பலன் பாதி போய்விடும்.

துரு தடுப்பும் பம்ப் சீல் காப்பும் தண்ணீரால் ஆகாத வேலைகள். நாமக்கல், சங்ககிரி லாரிகள் குளிர்காலத்தில் காஷ்மீர் வரை போகின்றன. வெறும் தண்ணீரோடு ஒரு ராத்திரி அங்கே நிறுத்தினால் பிளாக்கே வெடித்துவிடும்.

எந்த அளவில் கலப்பது?

"ரெடி டு யூஸ்" என்று போட்டிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக்கூடாது. கான்சன்ட்ரேட் என்றால் கேனில் சொன்ன அளவு. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் இருந்தால் நல்லது. மலைக்கும் வடக்குக்கும் போகும் வண்டிக்குச் சரிபாதி. அப்போது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்று நினைக்காதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். தண்ணீரே கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்தும் போகும்.

லாரி, ரிக் வண்டி டீசல் இன்ஜினுக்குத் தனியாக ஏதாவது?

உண்டு. பெரிய டீசல் இன்ஜின்களில் லைனரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழலைச் சுற்றி நேரடியாகக் கூலண்ட் ஓடும். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனரின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடையும். ஒவ்வொரு குமிழும் உடையும்போது இரும்பில் ஒரு புள்ளியைப் பெயர்த்து எடுக்கும். நாளடைவில் லைனர் சல்லடையாகி, கூலண்ட் ஆயிலில் இறங்கும். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் கம்ப்ரெஸர் இன்ஜின் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடுகிறது. இவர்கள் கார் கூலண்ட் ஊற்றவே கூடாது. ஏஎஸ்டிஎம் டி 6210 என்று போட்ட ஹெவி டியூட்டி கூலண்ட் வாங்க வேண்டும்.

லைனரைக் காப்பதற்குப் பழைய ஹெவி டியூட்டி கூலண்ட்டுகளில் நைட்ரைட் சேர்ப்பார்கள். இரும்புக்கு அது நல்ல மருந்து. ஆனால் ரேடியேட்டர் அலுமினியமாக இருந்தால் நைட்ரைட் அதோடு வினைபுரிந்து அம்மோனியாவாக மாறும், திரவத்தின் காரம் ஏறும். காரம் அலுமினியத்தைத் தின்னும், அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். ஆகவே பழைய வண்டியில் செம்பு ரேடியேட்டரைக் கழற்றி அலுமினியம் மாட்டினால், கூலண்ட்டையும் நைட்ரைட் இல்லாத ஹெவி டியூட்டி ஓஏடிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் முன் இன்ஜின் கம்பெனி அதை ஒத்துக்கொள்கிறதா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டு அதே கேனைத் தொடர்ந்து ஊற்றியதால் பணம் இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடலாமா?

நடுராத்திரி, நடுக்காடு, கையில் வேறொன்றும் இல்லை என்றால் போடுங்கள். ஊசித் துளையை அது அடைக்கும் என்பது உண்மைதான், டிரைவர்கள் அனுபவத்தில் கண்டது. ஆனால் துளையை அடைக்கிற பொடி ட்யூபையும் அடைக்கும். அலுமினிய ரேடியேட்டரின் தட்டையான மெல்லிய ட்யூபுகளும் ஹீட்டர் கோரும்தான் முதலில் அடைபடும். ஊர் வந்த அன்றே முழுவதும் கழுவிவிட வேண்டும்.

காஸ்டிக் போட்டுக் கழுவலாமா?

செம்பு ரேடியேட்டரைக் காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவுவது பட்டறைகளில் பழைய வழக்கம். அலுமினியத்தை அதில் இறக்கிவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை தெரியாமல் இறக்கிவிட்டேன். சோடா பாட்டில் திறந்தது போல நுரைத்துக் கிளம்பியது, எடுத்துப் பார்ப்பதற்குள் ஃபின் எல்லாம் கறுத்து மெலிந்துவிட்டது. கிளம்புவது ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் நெருப்பு இருந்தால் தீப்பிடிக்கும். அலுமினியத்துக்கு அதற்கென்று விற்கும் மிதமான ஃப்ளஷ் திரவமும் டிஎம் வாட்டரும் மட்டும்தான்.

மாற்ற வேண்டிய நேரம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

வருடக் கணக்கு ஒன்று. அதோடு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனையைக் கூலண்ட்டில் மட்டும் முக்குங்கள், உலோகத்தில் படக்கூடாது. 0.1, 0.2 வோல்ட் என்றால் பயமில்லை. 0.3 தாண்டினால் மருந்து தீர்ந்து கூலண்ட்டே பேட்டரி அமிலம் போல வேலை செய்யத் தொடங்கிவிட்டது, மாற்றுங்கள்.

புதுக் கூலண்ட் ஊற்றியும் இந்த அளவு இறங்கவில்லை, லைட்டும் ஃபேனும் போட்டதும் இன்னும் ஏறுகிறது என்றால் குறை எர்த் ஒயரில். வழிதவறிய கரண்ட் கூலண்ட் வழியாகப் போய் அலுமினியத்தைக் கரைக்கும். எர்த்தைச் சரிசெய்யாமல் எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் தாங்காது.

பைக்குக்கும் எலெக்ட்ரிக் வண்டிக்கும்?

ஆர்15, டியூக் போன்ற லிக்விட் கூல்டு பைக்குகளில் சின்ன அலுமினிய ரேடியேட்டர், சின்ன பம்ப், மொத்தமே ஒரு லிட்டர் அளவு. சிலிகேட் இல்லாத, ரெடி டு யூஸ் ஓஏடி வாங்குங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் சில கம்பெனிகள் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனிக் கூலண்ட் கேட்கின்றன. மேனுவலில் சொன்னதைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

பழைய கூலண்ட்டை எங்கே கொட்டுவது?

சாக்கடையிலும் வேண்டாம், செடியிலும் வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் குடிக்க இனிப்பாக இருக்கும். தெருநாய் நக்கிக் குடிக்கும், குழந்தை கையில் பட்டால் வாயில் வைக்கும். உடம்புக்குள் போனால் ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாக உட்கார்ந்து செயலிழக்க வைக்கும். முதல் சில மணி நேரம் குடித்தவர் போதையேறியது போல மட்டுமே தெரிவார். தெளிந்துவிடும் என்று காத்திருக்காமல், கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்றலாம்.

இறக்கிய கூலண்ட்டை அதே கேனில் மூடி, மேலே "விஷம்" என்று மார்க்கரில் எழுதி, பழைய ஆயில் எடுக்கும் ஆளிடமோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக் கொடுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.